ஒரே ஒரு கோப்பைச் சோதிக்கக்கூட கிளாம்ஸ்கேன் ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறது?

கிளாம்ஸ்கேன் என்பது லினக்ஸ் டெர்மினலில் வைரஸ் தேட உதவும் கிளாம்ஏவி மென்பொருளின் கட்டளை. தாமதத்துக்குக் காரணம் உங்கள் கோப்பு அல்ல. ஒவ்வொரு முறை இயக்கும்போதும் வைரஸ் அடையாளத் தொகுப்பு முழுவதையும் அது புதிதாக ரேமில் ஏற்றுகிறது. அதற்கே 1 ஜிபிக்கு மேல் வேண்டும். ஒவ்வொரு டீக்கும் அடுப்பைப் புதிதாகப் பற்றவைப்பது மாதிரி.

டீக்கடை பாய்லர் போல எப்போதும் சூடாக இருப்பது கிளாம்டி என்ற பின்னணிச் சேவை. அதை ஓடவிட்டு, கிளாம்ஸ்கேனுக்குப் பதில் கிளாம்டிஸ்கேன் கொடுத்தால் சிறு கோப்புக்கு நொடியில் பதில் வரும். ஆனால் கிளாம்டி ஓடும்வரை அந்த ரேம் பிடிபட்டே இருக்கும். 1 ஜிபி ரேம் உள்ள மலிவு சர்வரில் இடம் போதாமல் கெர்னலே (லினக்ஸின் மையப்பகுதி) கிளாம்டியைக் கொன்றுவிடலாம்; அங்கே இரவில் ஒருமுறை கிளாம்ஸ்கேன் ஓட்டலாம் என்றால் அதுவும் திணறும், ஸ்வாப் (ரேம் போதாதபோது வட்டில் ஒதுக்கும் இடம்) சேர்த்தே ஆகவேண்டும்.

கிளாம்டி தனிப் பயனர் கணக்கில் ஓடுவதால் உங்கள் ஹோம் கோப்புகளுக்கு 'அனுமதி இல்லை' என்று வரலாம். கிளாம்டிஸ்கேன் கட்டளையில் இரட்டைக் கோடிட்டு எஃப்டிபாஸ் (--fdpass) என்ற விருப்பத்தைச் சேர்த்தால் சரியாகும்.

ஸ்கிரிப்டில் பயன்படுத்துவோர் கட்டளை முடியும்போது திருப்பித் தரும் வெளியேறும் எண்ணைப் பாருங்கள்: 0 என்றால் எதுவும் சிக்கவில்லை, 1 என்றால் வைரஸ், 2 என்றால் பிழை. 2-ஐ '0 மாதிரிதான்' என்று விடுவது ஆபத்து.

வைரஸைக் கண்டுபிடித்தால் தானே அழித்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ரிமூவ் அல்லது மூவ் விருப்பத்தை நீங்கள் கொடுக்காதவரை அது பெயரை அச்சிடுவதோடு சரி.