ரோமில் ஒரே புதன்கிழமை: வரிசையை மாற்றிப் போடுங்கள்

வணக்கம். புதன் ஒரு நாள்தான் கையில், காலை வாட்டிகன், மதியம் கொலோசியம், கூடவே முழங்கால் வலியுள்ள அம்மா என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள். போப்பாண்டவர் ஊரில் இருந்தால் புதன் காலையில் பொதுமக்களைச் சந்திப்பது வழக்கம். வாட்டிகன் சதுக்கம் நிரம்பிவிடும், அதன் எதிரே உள்ள புனித பேதுரு பேராலயத்துக்குள் மதியம் வரை போவது கஷ்டம்.

கொலோசியத்துக்குக் காலை முதல் நேரத்தையே எடுங்கள். அதிகாரப்பூர்வத் தளத்தில் 30 நாளுக்கு முன்பு டிக்கெட் திறக்கும். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும், வாசலில் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பெரிய பை கூடாது. உள்ளே லிஃப்ட் உண்டு. அம்மாவின் முழங்காலைச் சொல்லி ஊழியரிடம் கேளுங்கள். அதே டிக்கெட்டில் பக்கத்திலுள்ள ரோமன் ஃபோரமும் (பழைய ரோமின் மையச் சதுக்க இடிபாடுகள்) அடங்கும். ஆனால் அங்கே பழைய கல்பாதை மேடும் பள்ளமுமாக இருக்கும், அம்மாவுக்கு நிச்சயம் வேண்டாம். கேப்பிட்டோலின் குன்றின் பின்பக்கம் நின்றால் ஃபோரம் முழுவதும் இலவசமாகவே தெரியும், டாக்ஸியில் போய்விடலாம்.

பிறகு மெட்ரோ பி தடத்தில் டெர்மினி நிலையம், அங்கே ஏ தடத்துக்கு மாறி வாட்டிகன் பக்கமுள்ள ஒட்டாவியானோ நிலையம். பேராலயத்துக்குக் கட்டணம் இல்லை; தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். குவிமாடம் ஏற வேண்டாம்: மொத்தம் 551 படி, லிஃப்டில் போனாலும் 320 மிச்சம். பலரும் ஏமாறுவது மைக்கேலாஞ்சலோவின் கூரை ஓவியங்கள் உள்ள சிஸ்டைன் சிற்றாலயத்தில்தான்; பேராலயத்துக்குள்ளேயே இருக்கும் என்று நினைத்துவிடுவார்கள். அது வாட்டிகன் அருங்காட்சியகத்தின் வழியே பார்ப்பது; தனி டிக்கெட், தனி வாசல், சதுக்கத்திலிருந்து மதிலோரமாக நல்ல நடை. இரண்டில் ஒன்று என்றால் அம்மாவோடு பேராலயத்தையே பாருங்கள்.