டெல்டாவில் உட்கார்ந்து ஹாரி பாட்டரும் ஹங்கர் கேம்ஸும் படித்தால்

கேள்வி: ஹாரி பாட்டர், பெர்சி ஜாக்சன், ஹங்கர் கேம்ஸ், ட்வைலைட் போன்ற ஃபேன்டஸி நாவல்களையும் பதின்வயதினர் நாவல்களையும் படித்தபோது உங்களுக்கு என்ன தோன்றியது? எது பிடித்தது, எது பிடிக்கவில்லை?

கதை முடிவுகளையெல்லாம் போட்டு உடைக்கப் போகிறேன். இன்னும் படிக்காதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

சுருக்கமாகச் சொன்னால், ஹங்கர் கேம்ஸ் மூன்று பாகமும் ரொம்பப் பிடித்தது. ஹாரி பாட்டரும் பிடித்தது, ஆனால் ஒரு விஷயத்தில் அதன்மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு. பெர்சி ஜாக்சன் ஜாலி. ட்வைலைட்டைப் பாதியில் மூடி வைத்துவிட்டேன்.

நீளமாகச் சொல்ல, நான் எங்கிருந்து படித்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம். அப்பாவுக்குக் குத்தகை நிலம். பத்தாவது வரை தமிழ் வழி. வேலைக்காக வெளிநாடு கிளம்பிய அத்தை மகன், தன்னுடைய புத்தகங்களை ஓர் அட்டைப்பெட்டியில் கட்டி எங்கள் வீட்டுப் பரணில் ஏற்றிவிட்டுப் போனான். எனக்குக் கிடைத்த நூலகம் அதுதான். ஹாரி பாட்டர் நான்காம் பாகத்துக்கு முன்னட்டை கிடையாது, ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் வரும். போனில் அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு படித்தேன். அன்றன்றைக்குப் படித்ததை ராத்திரி அப்பாயிக்கு, அதாவது அப்பாவின் அம்மாவுக்கு, கதையாகச் சொல்வேன். அப்பாயிக்கு டிவி சீரியல் ஆகாது. எனக்கும் கேட்க ஓர் ஆள் வேண்டியிருந்தது.

இந்தப் புத்தகங்களில் மந்திரம் என்னை அவ்வளவாக அசைக்கவில்லை. யார் சாப்பிடுகிறார்கள், யார் சமைக்கிறார்கள், யாருக்குச் சோறில்லை என்று வரும் இடங்களில்தான் நான் நின்று நின்று படித்தேன். நெல் விளையும் ஊரில் பிறந்ததால் வந்த கோளாறாக இருக்கலாம்.

மந்திரம் ஏன் அசைக்கவில்லை என்றால், பாதி ஏற்கெனவே தெரிந்த சமாச்சாரம். ஹார்க்ரக்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹாரி பாட்டரின் வில்லன் வோல்டமார்ட் தனக்குச் சாவே வரக்கூடாது என்று உயிரைத் துண்டு துண்டாக்கி டைரியில், மோதிரத்தில், கோப்பையில், பாம்புக்குள் என்று ஒளித்து வைக்கிறான். ஆறாம் பாகத்தில் இது பெரிய ரகசியமாக உடைகிறது. நான் அதை அப்பாயிக்குச் சொல்லி முடிப்பதற்குள் அவர் கையை ஆட்டிவிட்டார். ஏழு கடல் ஏழு மலை தாண்டி, ஆலமரப் பொந்தில் இருக்கும் கிளிக்குள் ராட்சசன் தன் உயிரை வைத்த கதையை எனக்குச் சோறு ஊட்டும்போது சொன்னவரே அவர்தானே. "எங்க ராட்சசன் ஒரே கிளிக்குள்ள வச்சான், அதையே அவனால காப்பாத்த முடியல. இவன் ஏழு எடத்துல வச்சா ஏழு பக்கமும்ல மாட்டுவான். புத்தி கெட்ட பய" என்றார். ஏழாம் பாகத்தில் ஏறக்குறைய அதுதான் நடக்கிறது. லாக்கெட்டை அவனுடைய ஆளே திருடிவிடுகிறான். கோப்பை எங்கே இருக்கிறது என்பதை அவனுடைய இன்னொரு ஆளான பெல்லாட்ரிக்ஸின் பதற்றமே காட்டிக்கொடுக்கிறது.

சரி, கோபத்துக்கு வருகிறேன். மந்திரப் பள்ளிக்கூடமான ஹாக்வார்ட்ஸில் முதல் ராத்திரி, காலித் தட்டுகளில் திடீரென்று விருந்து வந்து நிற்குமே, அந்த இடம் எனக்கு உயிர். மாமா வீட்டில் அரைவயிறும் கால்வயிறுமாகக் கிடந்த ஹாரி முன்னால் வறுத்த கோழியும் உருளைக்கிழங்குமாக நிறைந்து கிடக்கும். பறக்கும் துடைப்பத்தைவிட அது எனக்குப் பெரிய மந்திரமாகத் தெரிந்தது. நான்காம் பாகத்தில்தான் விஷயம் தெரிகிறது. அந்த விருந்து தானாக வரவில்லை. கீழே சமையலறையில் நூற்றுக்கும் மேற்பட்ட எல்ஃப்கள், அதாவது வீட்டுவேலைக்கென்றே இருக்கும் குட்டி மாய உயிர்கள், சமைத்து மேலே அனுப்புகின்றன. சம்பளம் கிடையாது, லீவு கிடையாது. எஜமான் துணி கொடுத்தால்தான் விடுதலை. ஹாரியின் தோழி ஹெர்மயனிக்கு இது தெரிந்ததும் அவளுக்குத் தட்டில் கை வைக்க மனசு வரவில்லை. எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது அங்கேதான்.

ஆனால் அதற்குப் பிறகு கதை அவளை ஒரு காமெடி ஆளாக்கிவிடுகிறது. அவள் இயக்கம் தொடங்கி பேட்ஜ் விற்கிறாள், நண்பன் ரான் கிண்டல் செய்கிறான், நாமும் சிரிக்க வேண்டும். எல்ஃப்களோ, எங்களுக்கு இந்த வேலைதான் சந்தோஷம், விடுதலை என்று பேசுவதே கேவலம் என்கின்றன. ஐந்தாம் பாகத்தில் அவள் தொப்பி பின்னி, எல்ஃப்கள் தெரியாமல் எடுத்துவிடட்டும் என்று குப்பைக்கு அடியில் மறைத்து வைக்கிறாள். ஏற்கெனவே விடுதலையான டாபி என்ற எல்ஃப் ஒருவன்தான் அத்தனையையும் எடுத்துப் போட்டுக்கொள்கிறான். மற்றவை கோபித்துக்கொண்டு அந்த அறையைச் சுத்தம் செய்யவே வருவதில்லை.

அப்பாயியின் அப்பா பண்ணையாள், மிராசுதார் நிலத்தில் கட்டுண்டு உழைத்தவர். இங்கே டெல்டாவில், குறிப்பாகக் கிழக்குத் தஞ்சையில், அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். சவுக்கடியும், தண்டனையாகக் குடிக்க வைத்த சாணிப்பாலும் பாட்டன் பூட்டன் காலத்துக் கட்டுக்கதை கிடையாது. 1940-களில் பி.சீனிவாசராவ் போன்ற கம்யூனிஸ்ட் தலைவர்கள் வந்து சங்கம் கட்டினார்கள். ஆனால் கொடி பிடித்து நின்றது சேற்றில் நின்ற சனங்கள்தான். 1952-இல் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அப்பாயிக்குச் சட்டத்தின் பெயரெல்லாம் தெரியாது. "சங்கம் வந்தப்புறம்தான் எங்கப்பன் தோள்ல துண்டு போட்டுச்சு" என்று மட்டும் சொல்வார்.

இதைக் கேட்டு வளர்ந்த எனக்கு, அடிமையாக இருப்பதே பிடித்திருக்கிறது என்று சொல்லும் எல்ஃப்களை நம்ப முடியவில்லை. நூறு பேர் இருக்கும் ஒரு சமையலறையில், ஒரு ராத்திரிகூட ஒருவரும் குசுகுசுவென்று பேசியிருக்க மாட்டார்களா? கதையை எழுதிய ரௌலிங்குக்கு மந்திரக்கோல் விற்கும் கடையைப் பற்றி அவ்வளவு யோசிக்க முடிந்திருக்கிறது, இதை யோசிக்கவில்லை. டாபி சாகும்போது எல்லோரையும்போல நானும் அழுதேன். அழுதுகொண்டேதான் கோபப்பட்டேன். அப்பாயியிடம் இந்த எல்ஃப் விவகாரத்தை நான் பாதியாகக் குறைத்துத்தான் சொன்னேன்.

பெர்சி ஜாக்சனுக்கு இவ்வளவு மல்லுக்கட்டத் தேவையில்லை. 2005-இல் முதல் பாகம் வந்தது. கிரேக்கக் கடவுள்கள் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் 600-ஆவது மாடியில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கதை. நம்ம அய்யனார் ஊர் எல்லையைவிட்டு ஓர் அடி நகர மாட்டார், இவர்கள் நாகரிகம் எங்கே போகிறதோ அங்கே பின்னாலேயே போய்விடுகிறார்கள். பெர்சிக்கு எழுத்துகள் கண் முன்னால் மிதக்கும், பள்ளிக்கூடம் மாற்றிப் பள்ளிக்கூடமாக விரட்டப்பட்டவன். ஆங்கிலப் பக்கத்தை வைத்துக்கொண்டு முழித்த எனக்கு அவன் உடனே சொந்தக்காரன் ஆகிவிட்டான். இந்தக் கடவுள்களின் பிள்ளைகள் தங்கும் முகாமில் எல்லோரும் சாப்பிடும் முன்னால் தட்டில் இருப்பதில் நல்ல பங்கை நெருப்பில் போட்டுக் கடவுளுக்குக் கொடுப்பார்கள். படையல்தான், வேறென்ன. அதைச் சொன்னதும் அப்பாயிக்கு அந்தப் பிள்ளைகள்மேல் பாசம் வந்துவிட்டது.

ஒரே ஒரு நெருடல். பெர்சி கடல் கடவுளின் மகன், தண்ணீர் பட்டால் போதும், காயம் ஆறிவிடும், பலம் கூடிவிடும். அவன் மட்டும் பாமணி ஆற்றங்கரையில் பிறந்திருந்தால், கோடையில் மணலைப் பார்த்துக்கொண்டு, ஜூன் 12-ஆம் தேதி மேட்டூரைத் திறப்பார்களா மாட்டார்களா என்று நியூஸ் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். திறந்தாலும் கல்லணை வந்து, ஆறு பிரிந்து, வாய்க்கால் பிரிந்து கடைமடைக்கு வந்து சேர்வதற்குள் வில்லன் வேலையை முடித்துவிட்டுப் போயிருப்பான்.

ட்வைலைட்டைப் பற்றி எழுத அதிகமில்லை. கதாநாயகன் ரத்தக்காட்டேரி, சோறு சாப்பிடவே மாட்டான் என்பதை விடுங்கள். ராத்திரியில் ஒரு பெண்ணின் அறைக்குள் அவளுக்குத் தெரியாமல் நுழைந்து, அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அவளுக்குத் தெரியவரும்போது அவளுக்கு அது பிடித்தும் இருக்கிறது. எங்கள் தெருவில் இப்படி ஒருவன் நின்றிருந்தால் மின்கம்பத்தில் கட்டிவைத்திருப்பார்கள். என் தோழிகள் இரண்டு பேருக்கு இது உயிர்ப் புத்தகம். நாங்கள் இதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை.

இப்போது ஹங்கர் கேம்ஸ். சூசன் காலின்ஸ் எழுதி 2008-இல் முதல் பாகம் வந்தது. ராத்திரி டிவியில் ஒரு சேனலில் ரியாலிட்டி ஷோ போட்டியும் இன்னொன்றில் ஈராக் போர்க் காட்சியும் மாறி மாறி ஓடியபோதுதான் இதன் யோசனை வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். ஒரு நாடு, கேப்பிட்டல் என்ற தலைநகரம், அதற்கு உழைத்துப் போட 12 மாவட்டங்கள். வருஷா வருஷம் மாவட்டத்துக்கு ஒரு பையன், ஒரு பெண் என்று குலுக்கலில் எடுத்து, ஒருவர் மிஞ்சும்வரை ஒருவரையொருவர் கொல்லவிட்டு டிவியில் காட்டுவார்கள்.

நான் இதைப் படித்த இடம் கொள்முதல் நிலையத்து வாசல். குறுவை அறுப்பு முடிந்து, நெல்லைக் கொட்டி வைத்துவிட்டு எங்கள் முறைக்காகக் காத்திருந்தோம். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது கணக்கு. ஐப்பசி மாதத்தில் அந்தக் கணக்கை மழையிடம் போய்த்தான் சொல்ல வேண்டும். வெயில் தலைகாட்டினால் தார்ப்பாயை விலக்கி, நெல்லைப் பரப்பி, காலால் வரிவரியாகத் துழாவிவிட வேண்டும். மேகம் கூடினால் ஓடிப்போய்க் குவித்து மூட வேண்டும். அப்பா மதியம் சாப்பிட வீட்டுக்குப் போனால் நான் காவல். ஒரு காலை நெல்லுக்குள் இழுத்துக்கொண்டே, கையில் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நடப்பேன். தார்ப்பாய் ஓரத்தில் தண்ணீர் நின்ற இடத்தில் நெல் வெள்ளை வெள்ளையாக முளை விட்டிருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் ரூ வருகிறாள். பன்னிரண்டு வயதுப் பெண். பதினோராம் மாவட்டம், விவசாய மாவட்டம். அங்கே சாப்பாட்டுக்குப் பஞ்சமிருக்காதே என்று கதாநாயகி காட்னிஸ் நினைக்கிறாள். விளைவதை நாங்கள் தின்ன முடியாது, தின்றால் எல்லோர் முன்னாலும் சவுக்கடி என்கிறாள் ரூ. நான் நடப்பதை நிறுத்திவிட்டேன். அன்று ராத்திரி அப்பாயியிடம் இந்த இடத்தைக் குறைக்காமல் அப்படியே சொன்னேன். சின்ன வயதில் அறுப்புக்குப் போனால், கரையேறும்போது மடியை உதறிக் காட்டச் சொல்வார்கள் என்றார். ஒரு கைப்பிடி நெல் விழுந்தால் அன்றைக்குக் கூலி போச்சு. "அந்தப் பொண்ணு என்னாச்சு?" என்று கேட்டார். செத்துப்போகிறாள் என்றேன். அதற்குமேல் அன்றைக்குக் கதை வேண்டாம் என்றுவிட்டார். மறுநாள் அவரே கேட்டார். ரூவுக்காக காட்னிஸ் பூ வைத்ததையும், ரூவின் ஊர்க்காரர்கள் தங்கள் பசியோடு காசு சேர்த்து காட்னிஸுக்கு ஒரு ரொட்டி அனுப்பியதையும் சொன்னேன்.

இந்தப் புத்தகத்தில் பசி ஒரு கணக்காகவே ஓடுகிறது. ஒரு வருஷத்துக்கு ஓர் ஆளுக்கான தானியமும் எண்ணெயும் வேண்டுமென்றால், குலுக்கலில் பெயரை இன்னொரு தடவை எழுதிப் போட வேண்டும். அது வருஷா வருஷம் சேர்ந்துகொண்டே போகும். பதினாறு வயது காட்னிஸின் பெயர் 20 சீட்டுகளில் இருக்கிறது, வீட்டில் தலைகள் அதிகமான அவள் நண்பன் கேலுக்கு 42. வசதியானவர் பிள்ளையும் ஏழைப் பிள்ளையும் ஒரே குலுக்கலில்தான் நிற்கிறார்கள், பார்த்தால் நியாயம்போலவே இருக்கும். இந்த ஒரு ஏற்பாட்டை யோசித்ததற்காகவே காலின்ஸுக்குக் கும்பிடு போடலாம். இரண்டாம் பாகத்தில் கேப்பிட்டல் விருந்தில், வயிறு நிறைந்தவர்கள் இன்னும் சாப்பிடுவதற்காக வாந்தி எடுக்க ஒரு பானம் வைத்திருப்பார்கள். மிகைப்படுத்தல் என்று என் வகுப்புப் பையன் ஒருவன் சொன்னான். பெரிய கல்யாண மண்டபங்களில் எடுத்துப் போடுகிற இலைகளை அவன் பார்த்ததில்லைபோல.

காட்னிஸுக்கு ஏற்றவன் பீட்டாவா கேலா என்று வாசகர்கள் போடும் சண்டையில் எனக்கு ஆர்வமில்லை. அடி வாங்குவோம் என்று தெரிந்தே ரொட்டியைக் கருகவிட்டு மழையில் பசியோடு நின்ற காட்னிஸிடம் வீசியவன் பீட்டா. அதற்கப்புறம் என்ன போட்டி?

தமிழில் இந்த வயதுக்கு என்ன இருக்கிறது என்று கேட்டால், எனக்குக் கையைப் பிசையத்தான் தோன்றுகிறது. சிறுவர் கதை முடிந்ததும் நேரே பெரியவர்கள் நாவலுக்குத் தாவ வேண்டியிருக்கிறது. நடுவில் எல்லோர் கையிலும் கொடுப்பது பொன்னியின் செல்வன். 1950 முதல் 1954 வரை தொடராக வந்ததை இன்றைக்கும் பதினைந்து வயதில் ஒரே மூச்சில் படிக்க முடிகிறது என்பது சாதாரணமில்லை. ஃபேன்டஸி நாவல்களின் முதல் பக்கத்தில் ஒரு கற்பனை வரைபடம் இருக்கும். இதற்கு அது தேவையே இல்லை, வீரநாராயண ஏரி, பழையாறை, கோடிக்கரை எல்லாம் பஸ் போகிற இடங்கள். எனக்கு அதில் குந்தவையைவிடப் பூங்குழலியைப் பிடிக்கும், தன் படகைத் தானே ஓட்டுகிறவள். பட்டீஸ்வரத்துக்குப் பக்கத்தில் சோழன்மாளிகை என்றே ஓர் ஊர் இருக்கிறது. போய்ப் பார்த்தேன், மாளிகை இல்லை. ஆனால் அதுவும் அரசகுமாரர்களின் கதைதான். அந்த மாளிகைகளுக்கு நெல் அளந்தவர்கள் வீட்டுப் பெண் கதாநாயகியாக வரும் ஒரு தமிழ் ஃபேன்டஸி யாராவது எழுதியிருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள், காசு சேர்த்தாவது வாங்கிவிடுவேன்.

ஆங்கிலத்தில் இப்போதுதான் தொடங்குகிறீர்கள் என்றால் ஹங்கர் கேம்ஸில் தொடங்குங்கள். காட்னிஸே நடப்பதை நடக்கும்போதே சொல்வதுபோல எழுதியிருப்பதால் வாக்கியங்கள் சின்னதாக இருக்கும், அகராதிக்கு அதிகம் ஓட வேண்டாம். மூன்றாம் பாகம் மோசம் என்று நிறையப் பேர் சொல்வார்கள். ஜெயித்தவள் கொண்டாடாமல் உடைந்துபோய் உட்கார்ந்திருப்பது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. எனக்கு அதுதான் பிடித்தது. படித்துவிட்டு வந்து சண்டை போடுங்கள்.