அண்ணாச்சியிடம் கேளுங்கள்: வாசிக்கிறவருக்குக் கூலி யார் கொடுத்தது?

கேள்வி: என் அக்கா லண்டனில் செவிலியராக இருக்கிறாள். அங்கே கறுப்பின மக்கள் தங்களுக்கென்று தனியாகப் பத்திரிகை, வானொலி, ஆவணக் காப்பகம் எல்லாம் வைத்திருக்கிறார்களாம். பி.பி.சி. இருக்கிற ஊரில் இது எதற்கு அண்ணாச்சி?
– கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

பதில்: பி.பி.சி. இருக்கிற ஊர் என்பதால்தான் தங்கச்சி. 1958 கோடையில் நாட்டிங் ஹில் பகுதியில் வெள்ளைக்கார இளைஞர் கும்பல்கள், கரீபியன் தீவுகளிலிருந்து வந்து குடியேறியவர்களைத் தெருத்தெருவாகத் தாக்கின. அதன் பிறகு நாட்டில் நடந்த பேச்சு என்ன தெரியுமா? இவர்களை உள்ளே விடுவதைக் குறைக்கலாமா என்பது. அடி வாங்கினவன் என்ன சொல்கிறான் என்று கேட்க ஒரு பத்திரிகை வேண்டாமா?

நல்லவேளை, அந்த வருஷம்தான் ஒன்று தொடங்கியிருந்தது. பிரிக்ஸ்டனில் ஓர் இசைத்தட்டுக் கடையின் மாடியிலிருந்து வந்த 'வெஸ்ட் இந்தியன் கெசட்'. நடத்தியவர் கிளாடியா ஜோன்ஸ். டிரினிடாட்டில் பிறந்து, நியூயார்க்கில் வளர்ந்து, கம்யூனிஸ்ட் என்று சிறையில் போடப்பட்டு, 1955இல் நாடு கடத்தப்பட்டவர். கையில் காசு கிடையாது, உடம்பும் சரியில்லை. அந்த அம்மாள் 1959 ஜனவரியில் செயின்ட் பேங்க்ராஸ் நகர மன்றத்துக்குள் ஒரு கார்னிவல் நடத்தினார். லண்டன் குளிரில் தெருவில் எப்படி ஆட முடியும்? விழா மலர் விற்ற பணத்தில் ஒரு பங்கு, கலவர வழக்கில் அபராதம் விதிக்கப்பட்ட பையன்களுக்குப் போனது. அதில் வெள்ளைப் பையன்களும் அடக்கம். பி.பி.சி. வந்து அந்த விழாவை ஒளிபரப்பியது. கேமராதான் அவர்களுடையது. மேடையில் யார் ஏற வேண்டும், என்ன பாட வேண்டும் என்று தீர்மானித்தது கெசட்காரர்கள்.

1964 டிசம்பரில் அவர் இறந்தார், கொஞ்ச நாளில் பத்திரிகையும் நின்றது. ஒரே ஆளின் தோளில் நிற்கிற பத்திரிகைகளுக்கு இந்த வியாதி உண்டு.

கேள்வி: அடிமையாகக் கொண்டுபோகப்பட்ட ஆப்பிரிக்கர்களின் பிள்ளைகள் கதை சொல்லியும் பத்திரிகை நடத்தியும் தலைநிமிர்ந்தார்கள் என்று என் மகன் படித்துக் காட்டினான். கதை கேட்டால் கூலி கூடுமா அண்ணாச்சி?
– பீடி சுற்றும் பெண், முக்கூடல்

பதில்: உங்களுக்கு உங்கள் தொழிலிலிருந்தே பதில் சொல்லலாம் அம்மா. கியூபாவின் ஹவானாவில் 1865 வாக்கில் சுருட்டு ஆலைகளில் ஒரு வழக்கம் வந்தது. நூற்றுக்கணக்கான பேர் குனிந்து சுருட்டு சுற்றுவார்கள், ஒருவர் மட்டும் உயரமான மேடையில் உட்கார்ந்து சத்தமாக வாசிப்பார். முதலில் செய்தி, அப்புறம் நாவல். சுற்றியவர்களில் ஆப்பிரிக்க வம்சத்தவரும் நிறைய. பலருக்கு எழுத்து தெரியாது, ஆனால் உலக நடப்பு தெரியும்.

வாசிக்கிறவருக்கு முதலாளி காலணா கொடுக்கவில்லை. தொழிலாளிகள்தான் கூலியிலிருந்து ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கொடுத்தார்கள். அதனால் எதை வாசிப்பது என்பதும் அவர்கள் இஷ்டம். இதே ஆட்கள் அமெரிக்காவின் டாம்பாவுக்குப் பிழைக்கப் போனபோது வாசிக்கிறவரும் கூடவே போனார். 1931இல் அங்கே முதலாளிமார் அந்த மேடையைப் பிடுங்கிப் போட்டார்கள். ஆட்களைக் கிளப்பிவிடுகிறார்களாம். அந்த இடத்துக்கு ரேடியோ வந்தது. ரேடியோவிடம் 'இதை வாசி' என்று சொல்ல முடியாதே.

கூலி கூடிய கதையும் உண்டு. 1905இல் ராபர்ட் அபாட் என்பவர் சிகாகோவில் தொடங்கிய 'டிஃபெண்டர்' பத்திரிகையை ரயில் பெட்டிகளில் வேலை பார்த்த கறுப்பினத் தொழிலாளர்கள் கட்டுக்கட்டாகத் தெற்கு மாநிலங்களுக்குக் கொண்டுபோனார்கள். முடிவெட்டும் கடையிலும் தேவாலயத்திலும் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டார்கள், நம் டீக்கடையில் தினத்தந்தி வாசிப்பது மாதிரி. அதில் வீரவசனம் மட்டும் இல்லை. வடக்கே எங்கே வேலை இருக்கிறது என்கிற விளம்பரமும் இருந்தது. பருத்திக்காட்டை விட்டு லட்சக்கணக்கான பேர் ரயில் ஏறியதில் அந்தப் பத்திரிகைக்குப் பங்கு உண்டு. கல்லிடைக்குறிச்சியில் நாங்கள் கையெழுத்துப் பத்திரிகை நடத்தியபோதும் எந்தக் கடையில் ஆள் எடுக்கிறார்கள் என்ற பக்கத்தைத்தான் முதலில் புரட்டினார்கள். என் கவிதையை ஒருவரும் சீண்டவில்லை.

உங்கள் வளவில் மடியில் சுளகோடு பத்துப் பெண்கள் உட்காருவீர்களே, பள்ளி விட்டு வந்ததும் மகனை வாசிக்கச் சொல்லுங்கள். என்ன வாசிப்பது என்பதை நீங்கள் சொல்லுங்கள், அவன் சொல்ல வேண்டாம்.

கேள்வி: நம் நாட்டில் ஆப்பிரிக்க வம்சத்தவர் உண்டா?
– கடை ஊழியர், தென்காசி

பதில்: உண்டு. சித்திகள். கர்நாடகத்தில் எல்லாப்பூர், ஹளியாள் காட்டோரங்களிலும், குஜராத்தில் கிர் காட்டை ஒட்டிய ஜம்பூரிலும் இருக்கிறார்கள். எத்தியோப்பியாவில் பிறந்து அடிமையாக விற்கப்பட்ட மாலிக் அம்பர், அகமதுநகர் அரசையே நடத்தி முகலாயர்களைத் திணறடித்தவர். நம் பாடப்புத்தகத்தில் அவருக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுக்கலாம்.

கேள்வி: எங்கள் ஊர்க் கோயில் கொடையில் வில்லுப்பாட்டு பாடிய பாட்டிமார் ஒவ்வொருவராகப் போகிறார்கள். எங்கள் சுய உதவிக்குழு சமுதாய வானொலி தொடங்கலாமா?
– குழுத் தலைவி, களக்காடு

பதில்: தனி ஆளுக்கு உரிமம் கிடையாது. பதிவு பெற்ற, லாப நோக்கில்லாத அமைப்புகளுக்கு 2006இலிருந்து கொடுக்கிறார்கள். 50 வாட் கருவிதான், களக்காட்டுச் சுற்று வட்டாரத்துக்குப் போதும். சொந்தமாகச் செய்தி சேகரித்து வாசிக்க அனுமதி இல்லை என்பது எனக்குப் பெரிய குறையாகத்தான் படுகிறது.

ஆனால் உரிமத்துக்காகக் காத்திருக்காதீர்கள். தெலங்கானாவில் ஜாகிராபாத் பக்கம் மாச்சனூரில் தலித் பெண்கள் நடத்தும் 'சங்கம் ரேடியோ' 2008இல்தான் காற்றில் வந்தது. அதற்கு முன்னால் பத்து வருஷம் போல, விதை, வைத்தியம், பாட்டு என்று நாடாவில் பதிந்து சங்கக் கூட்டங்களில் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். உங்களிடம் செல்போன் இருக்கிறது. பாட்டி பாடியதைப் பதிந்ததும் முதலில் அவருக்கே போட்டுக் காட்டுங்கள், வேண்டாம் என்றால் அழித்துவிடுங்கள். சரி என்றால், கொடைக்கு மைக் செட் கட்டுகிறவரிடம் அரை மணி நேரம் கேளுங்கள். கொடுப்பார்.