ஃபர்னஸ் மெக்கானிக் வர்றதுக்கு முன்னாடி: கேள்வி பதில்

கேள்வி: வீட்டைச் சூடாக்கற கேஸ் ஃபர்னஸ் சுத்தமா ஓடலை. மெக்கானிக் நாளைக்குத்தான் வர்றார். அதுக்குள்ள நான் எதைப் பார்க்கலாம்?

பதில்: வீட்டுச் சூட்டை செட் பண்ற தெர்மோஸ்டாட் ஹீட்ல இருக்கா, பேட்டரி தீர்ந்துடுச்சான்னு பாருங்க. அடுத்து, ஃபர்னஸ் பக்கத்துல லைட் சுவிட்ச் மாதிரியே ஒரு சுவிட்ச் இருக்கும். லைட்டுன்னு நினைச்சு யாராவது அணைச்சிருப்பாங்க. அதைப் போட்டுக் கொடுத்துட்டு சர்வீஸ் காசு வாங்க எங்களுக்கே கூச்சமா இருக்கும். ஃபர்னஸோட கதவு சரியா பொருந்தியிருக்கான்னும் பாருங்க. உள்ளே இருக்கற சேஃப்டி சுவிட்ச் அழுந்தலைன்னா மொத்தமும் செத்துக் கிடக்கும்.

கேள்வி: பிரேக்கரை அணைச்சுப் போட்டா கொஞ்ச நேரம் ஓடுது. மெக்கானிக் வர்ற வரைக்கும் இப்படியே ஓட்டலாமா?

பதில்: வேண்டாம். கோளாறு வந்ததும் உள்ளே ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கு எண்ணிக்கை வச்சு மினுக்கும். மூணு தடவை, ஒரு இடைவெளி, திரும்ப மூணு, இப்படி. கதவுல இருக்கற கண்ணாடித் துளை வழியா அதை போன்ல வீடியோ எடுத்துடுங்க. கரண்டை அணைச்சா சில கன்ட்ரோல் போர்டுகள்ல அந்தக் குறிப்பு அழிஞ்சே போயிடும். நீங்க அணைச்சு அணைச்சுப் போடறது, மெக்கானிக்குக் கிடைக்க வேண்டிய தடயத்தைத் துடைக்கற வேலை.

அதோட, எந்த இடத்துல நிக்குதுன்னு காது கொடுத்துக் கேளுங்க. முதல்ல ஒரு சின்ன மோட்டார் சுத்தும். அப்புறம் தீ மூட்டற இக்னைட்டர் ஆரஞ்சா பழுக்கும், பர்னர்ல நீலத் தீ பிடிக்கும், கொஞ்சம் கழிச்சுப் பெரிய ஃபேன் ஓடும். தீ பிடிச்சு சில நொடியில அணைஞ்சா, பெரும்பாலும் தீ எரியுதான்னு பார்க்கற ஃபிளேம் சென்சர் கம்பியில அழுக்கு. நல்லா எரிஞ்சுக்கிட்டிருந்த தீ நின்னு ஃபேன் மட்டும் ஓடினா, காத்து வடிகட்டற ஃபில்டர் அடைச்சு உள்ளே சூடு ஏறியிருக்கலாம். “வேலை செய்யலை”ன்னு சொல்றதைவிட “தீ பிடிச்சு அஞ்சு நொடியில அணையுது”ன்னு போன்லயே சொன்னீங்கன்னா, அவர் எடுத்துட்டு வர்ற பார்ட்ஸே வேற.

கேள்வி: பனி கொட்டின மறுநாள்தான் நின்னுச்சு. சம்பந்தம் இருக்குமா?

பதில்: வெளிச்சுவர்ல ஃபர்னஸோட காத்து, புகை போய்வர்ற வெள்ளை பிளாஸ்டிக் பைப் நீட்டிக்கிட்டு இருந்தா, நிச்சயம் போய்ப் பாருங்க. அதோட வாயைப் பனி மூடினா ஃபர்னஸ் பத்தவே பத்தாது. பனியைக் கையால விலக்குங்க, பைப்பைத் தட்டாதீங்க.

கேள்வி: லேசா கேஸ் வாசனை வருது. மெக்கானிக் சாயங்காலம் வர்றார். பொறுக்கலாமா?

பதில்: பொறுக்காதீங்க. எந்த சுவிட்சையும் தொடாம எல்லாரையும் கூட்டிக்கிட்டு வெளியே போங்க, வெளியே போனதும் கேஸ் கம்பெனியோட அவசர எண்ணுக்குக் கூப்பிடுங்க. கார்பன் மோனாக்சைடுங்கற விஷ வாயுவுக்கான அலாரம் அடிச்சாலும் உடனே வெளியே போய் அவசர உதவியைக் கூப்பிடணும். அந்த வாயுவுக்கு வாசனையே கிடையாது, மூக்கை நம்பாதீங்க.

கேள்வி: ஃபர்னஸ் முன்னாடி எவ்வளவு இடம் ஒதுக்கணும்?

பதில்: குறைஞ்சது 30 அங்குலம். மெக்கானிக் மண்டி போட்டு உட்காரணும், கதவைக் கழற்றி வைக்கணும். அட்டைப்பெட்டி, பெயிண்ட் டப்பா எல்லாத்தையும் நகர்த்துங்க. நாயை வேற அறையில விடுங்க. பழைய ரிப்பேர் பில் இருந்தா எடுத்து வைங்க.

கேள்வி: ஃபில்டரை நானே மாத்திடவா?

பதில்: சுவிட்சை அணைச்சுட்டு மாத்துங்க, ஆனா எல்.இ.டி. வீடியோ எடுத்த பிறகு. ஃபில்டர்ல இருக்கற அம்புக்குறி ஃபர்னஸைப் பார்த்து இருக்கணும். பழைய ஃபில்டரைத் தூக்கிப் போட்டுடாதீங்க, அவர் கண்ணுல ஒருதடவை படட்டும்.