சூரிய கிரகணமும் வளிமண்டலமும்: கேள்வி பதில்

கே: கிரகணத்தில் எவ்வளவு குளிரும்?

ப: முழு கிரகணத்தில் தரையருகே சில டிகிரி இறங்கும். வறண்ட காற்றும் தெளிந்த வானமும் இருந்தால் இன்னும் கூடுதலாக. அடிமட்ட வெப்பநிலை சூரியன் முழுதாக மறையும் கணத்தில் வராது, சில நிமிடம் பிந்தித்தான் வரும். அளப்பவர்கள் வெப்பமானியைக் காற்றோட்டமுள்ள நிழலில் வையுங்கள். வெயிலில் வைத்தால் அதன் சொந்தச் சூட்டைத்தான் அளப்பீர்கள்.

கே: மேகம் கலையுமா?

ப: சில வகை கலையும். சூடான தரையிலிருந்து எழும் காற்றில்தான் தாழ்வான திரள்மேகம் பிறக்கிறது. நிலத்தின் மேல், சூரியன் சராசரியாக 15 சதவீதம் மறைந்ததுமே அது கரையத் தொடங்குவதைச் செயற்கைக்கோள் பதிவுகளைக் கொண்டு 2024இல் வெளியான ஆய்வு காட்டியது. கடல் அவ்வளவு சீக்கிரம் குளிராது, அங்கே இது நடக்காது. வானம் முழுக்க மூடிய மேகத்தைக் கிரகணம் விலக்கும் என்று காத்திருக்க வேண்டாம்.

கே: பூகம்பம் வருமா?

ப: நிலவியல் அறிந்தவரிடம் கேளுங்கள்.

கே: நிழலின் குளிரால் சூறாவளி போன்ற சுழற்சி உண்டாகும் என்கிறார்களே?

ப: 1900 மே 28 கிரகணத்தை வைத்து கிளேட்டன் என்ற அமெரிக்க வானிலை ஆய்வாளர் சொன்னது அது. நிழல் ஓரிடத்தில் நிற்பதில்லையே! பெரிய சுழற்சி உருவாக அவகாசம் போதாது.

கே: நான் காற்று மாறியதை உணர்ந்தேன். அது பொய்யா?

ப: பொய்யில்லை. பகலில் மேலும் கீழுமான கலக்கம் உயரத்துக் காற்றின் வேகத்தைத் தரைவரை கொண்டுவருகிறது. தரை குளிர்ந்ததும் கலக்கம் அடங்கும், காற்று தணியும், திசையும் சற்றுத் திரும்பும். சூரியன் மறையும் மாலையிலும் இதேதான். 2015 மார்ச் 20 கிரகணத்தின்போது பிரிட்டனில் எடுத்த அளவீடுகளை ஆய்வாளர்கள் இப்படித்தான் விளக்கினார்கள். நீங்கள் உணர்ந்தது சரி, அதற்குச் சுழற்சி தேவையில்லை.

கே: கிரகணத்தின்போது சூரியனிலிருந்து விசேஷக் கதிர்கள் வருமா?

ப: இல்லை. கதிர் குறையத்தான் செய்கிறது. அதனால்தான் மின்னேற்றத் துகள்கள் நிறைந்த மேல் அடுக்கான அயனி மண்டலத்தில் எலக்ட்ரான்கள் குறைகின்றன, மத்திய அலை வானொலி வழக்கத்தைவிடத் தொலைவுக்குக் கேட்கிறது. ஒலியை மிஞ்சி ஓடும் நிழல் அங்கே படகின் முன் எழுவதுபோல் அலை கிளப்பும் என்று 1970இலேயே கணித்தார்கள், 2017 ஆகஸ்ட் 21 கிரகணத்தில் அது தெளிவாகப் பதிவானது.

கே: 2026 ஆகஸ்ட் 12 கிரகணத்தை ஸ்பெயினில் அளக்கலாமா?

ப: அளக்கலாம், ஆனால் அங்கே சூரியன் சாயும் நேரம். மாலைக் குளிரையும் கிரகணக் குளிரையும் பிரிப்பது சிரமம். 2027 ஆகஸ்ட் 2 அன்று எகிப்தின் லக்சரில் நடுப்பகல், ஆறு நிமிடத்துக்கு மேல் முழு மறைப்பு. முடிந்தால் அதற்குப் போங்கள். முந்தைய நாளும் அதே நேரத்தில் அளந்து வையுங்கள், ஒப்பிட வேண்டுமே. அப்புறம், வெப்பமானி நிழலில்.