ஆடிக்கொண்டே அமைக்கட்டும்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் மகள் ஜெர்மனியில் ஒரு பொதுத் தியேட்டரின் பாலே குழுவில் ஆடுகிறார், இப்போது வேலையை விட்டுவிட்டு நடன அமைப்பாளராகத் தனியே இறங்கப் போவதாகச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். “சின்ன வயதிலிருந்து கால் விரல் தேயத் தேயக் கற்றதெல்லாம் வீணா?” என்றும் கேட்டிருந்தீர்கள். வீணே இல்லை. பாலேயில் நடனம் அமைக்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஆடி வந்தவர்கள்தான். அவர் ஆசை சரி. வேலையை விடுவதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

ஷ்டுட்கார்ட்டில் 1958இல் தொடங்கிய நோவெர் சங்கம், பாலே குழுவில் ஆடுகிறவர்களே சிறு படைப்புகளை அமைத்து மேடையேற்ற வழி செய்தது. நடன அமைப்பாளர் ஜான் கிராங்கோ 1961இல் ஷ்டுட்கார்ட் பாலே குழுவுக்குத் தலைமையேற்ற பிறகு அது சூடுபிடித்தது. பின்னாளில் பெயர்பெற்ற நடன அமைப்பாளர்களான ஜான் நொய்மையர், யிரி கிலியான், வில்லியம் ஃபோர்சித் மூவரும் அந்தக் குழுவில் ஆடிக்கொண்டே அங்கே கை பழகியவர்கள். நொய்மையர் பின்னர் ஹாம்பர்க் பாலேயை 1973 முதல் 2024 வரை நடத்தினார். நியூயார்க் சிட்டி பாலேயின் ஜஸ்டின் பெக், 2014இல் அதன் நிலைய நடன அமைப்பாளரான (குழுவிலேயே இருந்து அதற்குப் படைப்புகள் அமைப்பவர்) பிறகும் 2019 வரை ஆடினார். அதே குழுவில் ஆடிய கிறிஸ்டோபர் வீல்டன் 2000இலேயே ஆட்டத்தை நிறுத்திவிட்டாரே என்று மகள் கேட்கலாம். அதற்குள் அவர் படைப்புகள் மேடையேறிவிட்டன. மறு ஆண்டே அதே குழு அவரை நிலைய நடன அமைப்பாளராக்கியது.

கவிதை எழுதத் தாளும் பேனாவும் போதும். நடனம் அமைக்க நான்கு உடல்கள் வேண்டும், கூடம் வேண்டும், நேரம் வேண்டும். வெளியே வந்துவிட்டால் எல்லாவற்றுக்கும் காசு. உள்ளே இருக்கும்வரை, ஒத்திகை முடிந்த மாலையில் காலணியைக் கழற்றப் போகும் இரண்டு நண்பர்களை “ஒரு மணி நேரம் இருங்களேன்” என்று நிறுத்திவைக்கலாம். அந்த ஒரு மணி நேரம் கற்றுத் தருவது நிறைய. அங்கே நின்று யோசித்தால் அவர்கள் உடம்பு ஆறிவிடும். பிறகு தூக்கிப் பிடிக்கிற அசைவு எதையும் கேட்க முடியாது. இன்னொன்று, புதிதாக அமைக்கிறவர்கள் தங்களுக்குச் சுலபமாக வருவதையே எல்லோருக்கும் கொடுப்பார்கள். தனக்கு இடப்பக்கம் சுழல்வது வசதி என்றால் மேடை முழுக்க இடப்பக்கமே சுழலும்! இந்தப் பழக்கம் போக இரண்டு மூன்று படைப்புகளாவது ஆகும். அதைச் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்வதே புத்திசாலித்தனம்.

ஒரு தேதியைக் கவனியுங்கள். அங்கே பொதுத் தியேட்டர் ஒப்பந்தங்கள் பருவக் கணக்கில், அதாவது ஓர் ஆண்டு நிகழ்ச்சிக் காலத்தைக் கணக்கிட்டு ஓடுபவை. இந்தப் பருவத்தோடு விலகுவதாக இருந்தால் பொதுவாக அக்டோபர் 31க்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இன்னொரு பருவம் தானாக நீளும். யாரோடோ மனத்தாங்கல் வந்த சூட்டில் அந்தக் கடிதத்தைக் கொடுத்துவிட வேண்டாம்.

அப்புறம் உரிமை. அமெரிக்க நவீன நடனக் கலைஞர் மார்த்தா கிரஹாம் இறந்த பிறகு நடந்த வழக்கில், தன் நிறுவனத்தின் ஊழியராக இருந்து அவர் அமைத்த பல நடனங்கள் நிறுவனத்துக்கே சொந்தம் என்று 2002இல் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் பாலேக்காரர் அல்ல, ஜெர்மானியச் சட்டமும் வேறு. ஆனாலும் மகளின் பத்து நிமிடப் படைப்பை நாளை வேறொரு குழு கேட்டால் அனுமதி தருவது யார், பணம் யாருக்கு என்பதை இப்போதே எழுதி வாங்கிக்கொள்ளட்டும். நட்பாகப் பேசிக்கொண்டது போதாது. இசையிலும் கவனம் வேண்டும்: இசையமைப்பாளர் இறந்து 70 ஆண்டு கடந்திருந்தால் அங்கே அந்த இசைக்கு அனுமதி தேவையில்லை, ஆனால் நேற்றுப் பதிவு செய்த ஒலித்தட்டுக்குத் தனி உரிமை உண்டு.

வெளிக் குழுக்கள் கூப்பிட்டுப் பணம் கொடுக்கத் தொடங்கிய பிறகு விலகலாம். தனியாகத் தொழில் செய்யும் கலைஞர்களுக்கு அந்த நாட்டில் கே.எஸ்.கே. என்ற சமூகக் காப்பீடு இருக்கிறது. தவணையில் ஏறக்குறைய பாதியைத்தான் கலைஞர் கட்ட வேண்டும். அதில் சேர்ந்த பிறகு நீங்களும் நிம்மதியாகத் தூங்கலாம்.

இப்போதைக்கு மகளிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: அவர் குழுவில் இளம் நடன அமைப்பாளர்களுக்கான மாலை நிகழ்ச்சி உண்டா, விண்ணப்பிக்கக் கடைசி நாள் எது?