நண்பரின் காரில் உரிமம் இல்லாத துப்பாக்கி: ஓட்டி வந்தவர் குற்றத்தை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டுமா?

பட்டர்வொர்த் சாலைத் தடுப்பில் வேறொரு காரணத்துக்காகத் தங்கள் தம்பி கைது செய்யப்பட்டதாகவும், அவர் இரவல் வாங்கி ஓட்டி வந்த நண்பரின் காரைச் சோதித்தபோது இருக்கைக்கு அடியில் ஒரு கைத்துப்பாக்கி கிடைத்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஜாமீன் கிடைக்குமா, வண்டியில் இருந்தது உண்மை என்பதால் ஒப்புக்கொண்டுவிடுவது நல்லதா என்பவை தங்கள் கேள்விகள். நான் வழக்கறிஞன் அல்லன். பினாங்கு நீதிமன்றங்களில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவன். இத்தகைய குற்றச்சாட்டுகளைக் கூண்டில் நின்றவர்களுக்குத் தமிழில் எடுத்துச் சொன்ன அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

முதலில், எந்தச் சட்டத்தின் கீழ் குற்றம் சாட்டப்படுகிறது என்பதைப் பாருங்கள். மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 8ஆம் பிரிவு என்றால் அதிகபட்சம் 7 ஆண்டுச் சிறை, அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். 1971ஆம் ஆண்டு சுடும் ஆயுத (கூடுதல் தண்டனை) சட்டத்தின் 8ஆம் பிரிவு என்றால் 14 ஆண்டு வரை சிறையும், அதனுடன் ஆறுக்குக் குறையாத பிரம்படியும் உண்டு. கைத்துப்பாக்கி வழக்குகளில் அரசாங்கத் துணை வழக்கறிஞர் இந்த இரண்டாவது சட்டத்தை எடுத்தால் வியப்படைய வேண்டாம். அந்தச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஜாமீனே கிடையாது என்கிறது. குடும்பத்தார் பணம் திரட்டிக்கொண்டு லைட் ஸ்திரீட் நீதிமன்ற வாசலில் நின்று ஏமாந்து திரும்பியதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

இனி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். குற்றப் பத்திரிகையில் 'மிலிக்கான்', அதாவது கைவசம் வைத்திருத்தல், என்ற மலாய்ச் சொல் வரும். அதை "உன்னிடம் இருந்ததா?" என்று தமிழில் கேட்டால், காரில் இருந்தது உண்மைதானே என்று எண்ணிப் பையன் தலையாட்டிவிடுவான். சட்டம் கேட்பது அதுவன்று. அந்தப் பொருள் அங்கே இருப்பதும் அது இன்னதென்பதும் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்த நிலையில், அதைத் தன் விருப்பப்படி கையாளும் கட்டுப்பாடும் அவனிடம் இருந்திருக்க வேண்டும். நான் எப்போதும் "தெரிந்தே உன் கைவசம் வைத்திருந்தாயா?" என்றுதான் சொல்வேன். அது சற்று நீளமாக இருக்கிறது என்று சில சமயம் பெஞ்சிலிருந்து முகச்சுளிப்பு வந்ததுண்டு, இருந்தாலும் மாற்றிக்கொள்ளவில்லை.

தெரியாது என்று வாயால் சொல்வது மட்டும் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். 1956இல் நீதிபதி தாம்சன் வழங்கிய, இன்றளவும் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு ஒன்று, ஒருவருடைய அறிவைச் சுற்றியுள்ள சூழ்நிலைகளிலிருந்துதான் ஊகித்தறிய முடியும் என்கிறது. காரை எத்தனை நாளாகத் தம்பி வைத்திருந்தார், சாவி வேறு யாரிடம் இருந்தது, துப்பாக்கி கைக்கு எட்டும் இடத்தில் கிடந்ததா அல்லது பொருள்களுக்கு அடியில் புதைந்து கிடந்ததா, கைரேகை எடுக்கப்பட்டதா, போலீஸைக் கண்டதும் அவர் எப்படி நடந்துகொண்டார் என்பவையே வழக்கின் போக்கைத் தீர்மானிக்கும். கார் இரவல் வாங்கியதைக் காட்டும் வாட்ஸ்அப் செய்திகள் இருந்தால் இன்றே வழக்கறிஞரிடம் கொடுங்கள். ஆயுத நிபுணரின் அறிக்கையும் அவசியமானது. கிடைத்தது போலித் துப்பாக்கி என்று தெரியவந்தால், ஆயுதச் சட்டத்தின் 36ஆம் பிரிவின்படி தண்டனை 1 ஆண்டு அல்லது 5,000 ரிங்கிட் என்ற அளவுக்கு இறங்கிவிடும்.

கைதானபோது தம்பி முரண்டு பிடித்தாரா என்று நீங்கள் எழுதவில்லை. கைதை எதிர்ப்பதும் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையில் உள்ள குற்றம்தான். அப்போது ஒருவர் காயப்படுத்தும் நோக்கத்துடன் சுட்டிருந்தால், 2023 வரை மரண தண்டனை கட்டாயமாக இருந்தது. இப்போது மரணம், அல்லது 30 முதல் 40 ஆண்டுச் சிறையும் பன்னிரண்டுக்குக் குறையாத பிரம்படியும். என் தலைமுறையினருக்கு இன்னும் கடுமையான காலம் நினைவிருக்கும். ஒரு ரிவால்வரும் ஐந்து தோட்டாக்களும் வைத்திருந்ததற்காக உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் குற்றம் சாட்டப்பட்ட தே செங் போ வழக்கு, இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை 1978இல் போனது. வைத்திருந்ததற்கே தூக்கு என்ற அந்தச் சட்டம் 2012இல் நீக்கப்பட்டது.

தடுப்புக் காவலைப் பொறுத்தவரை, 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 14 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றம் என்பதால், விசாரணைக்காக மாஜிஸ்திரேட் முதலில் 7 நாளும் பிறகு 7 நாளும் அனுமதிக்கலாம். அந்த நாள்களில்தான் வழக்கறிஞர் தேவை. வசதியில்லை என்றால் தேசிய சட்ட உதவி அறவாரியத்தை அணுகுங்கள். தடுப்புக் காவல் விசாரணைக்கே அவர்கள் வழக்கறிஞரை அனுப்புவார்கள். போலீஸிடம் சொன்னது கோர்ட்டில் செல்லாது என்று காப்பிக் கடையில் சொல்வதைப் பாதி நம்பலாம். வாக்குமூலத்தைப் பொதுவாக அவருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாதுதான். ஆனால் அவர் சொன்ன தகவலைக் கொண்டு ஏதேனும் பொருள் கண்டெடுக்கப்பட்டால், சாட்சியச் சட்டத்தின் 27ஆம் பிரிவு வழியாக அந்தத் தகவல் உள்ளே வந்துவிடும். தன்னைக் குற்றத்தில் சிக்கவைக்கும் கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்க அவருக்கு உரிமை உண்டு.

செஷன்ஸ் நீதிமன்றத்தில் குற்றச்சாட்டு வாசிக்கப்படும் நாளில் தமிழில் வாசிக்கும்படி தம்பி கேட்கட்டும். குற்றத்தின் தன்மையையும் விளைவையும் புரிந்துகொண்டுதான் ஒருவர் ஒப்புக்கொள்கிறாரா என்று நீதிமன்றம் உறுதி செய்துகொள்ள வேண்டும். "காரில் இருந்தது, ஆனால் எனக்குத் தெரியாது" என்பது ஒப்புதல் ஆகாது. அதை விசாரணை கோரியதாகவே பதிவு செய்வார்கள். அந்த இரண்டாவது பாதியை அவர் விழுங்கிவிடாமல், மொழிபெயர்ப்பாளரின் காதில் விழும்படி சொல்ல வேண்டும்.